நாலாவது வரி

கோத்தகிரிக்கு வந்த முதல் வாரம் டீக்கடையில் சாயத்தண்ணி கேட்டேன். பாலும் வேண்டாம், சீனியும் கலக்க வேண்டாம் என்றேன். கிளாஸ் வந்ததும் இடது உள்ளங்கையை நீட்டினேன். கடைக்காரர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "நமக்கு ரேகை பார்க்கத் தெரியாதுங்க" என்றார். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கிற சனம் நாங்கள் என்று சொல்ல வெட்கம். கசப்பாகவே குடித்து முடித்தேன். அந்தக் கை இன்னும் நீண்டபடிதான் இருக்கிறது.

இலங்கையில், கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஹைக்கூ புரிந்ததே அந்தக் கையால்தான். கருவாடு சுற்றி வந்த தமிழ்நாட்டுப் பத்திரிகைத் தாளில் மூன்று வரிக் கவிதைகள் இருந்தன. நானும் ஒரு சுவர் தள்ளிப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மரியதாசும் அதற்குப் பைத்தியமானோம். என் முதல் ஹைக்கூவில் மூன்று வரி, இரண்டு உவமை, ஒரு புத்திமதி. மரியதாஸ் படித்துவிட்டுச் சொன்னான்: "டேய், சாயத்துக்குள்ள சீனியப் போட்டுக் கலக்காதடா. அது கையிலயே இருக்கட்டும். நாக்குல சேந்துக்கும்." வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எனக்கு அடுத்த பெயர் அவனுடையது. அதைத்தான் எழுதினான்:

பெரட்டில் மூடுபனி
பெயர் கூப்பிடக் கூப்பிட
குரல் மட்டும் வருகிறது

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் போன வலப்பனை பஸ்ஸைப் போலீஸார் நிறுத்திச் சோதித்தார்கள். மரியதாசின் பையிலிருந்த, ஹைக்கூ எழுதிய கொப்பியை ஒரு போலீஸ்காரர் விரித்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். கவி என்றான். எங்கள் அரைகுறைச் சிங்களத்தில் அர்த்தமும் சொன்னோம். அவரும் கிராமத்து மனிதர், கவி கேட்டு வளர்ந்தவர். அவர்கள் கவிக்கு நாலு வரி. "ஹதரவெனி பேளிய கோ?" என்றார். நாலாவது வரி எங்கே?

"இல்லீங்க மாத்தயா. அதப் படிக்கிறவங்க மனசுல எழுதிக்கணும்" என்றான் மரியதாஸ்.

யார் அந்தப் படிக்கிறவர்கள் என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். பயம் வந்தால் எனக்குச் சிறுநீரும் நகைச்சுவையும் ஒன்றாக முட்டும். சிறுநீரை அடக்கிவிட்டேன். "இருக்குங்க மாத்தயா. 'நம்ம மாத்தயா நீடூழி வாழ்க.' அதான் நாலாவது வரி" என்றேன். அவர் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. நாலாவது வரி இருக்கிறது என்று நான் சொன்னதும், இல்லை என்றவன் எதையோ மறைக்கிறவன் ஆகிவிட்டான். என்னை ஏறச் சொன்னார்கள். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். வாயைத் திறந்து, அது என் புளுகு என்று சொல்லியிருக்கலாம். கண்டக்டர் மணி அடித்தார். நான் உட்கார்ந்தேன்.

அவன் திரும்புவதற்குள், எங்களை இந்தியாவுக்கு அனுப்பும் கப்பலில் எனக்கு நாள் வந்துவிட்டது. திரும்பினானா என்றே தெரியவில்லை. கந்தப்பளைக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தாலும், உடனே எழுதிவிடாதீர்கள். பதிலைப் பிரிக்கும் தைரியத்தை இன்னும் சேர்த்து முடிக்கவில்லை.

இங்கேயும் தேயிலைதான், பனிதான், விடிந்ததும் பெயர் கூப்பிடுகிறார்கள். என் பெயருக்குக் குரல் கொடுக்கிறேன், வருகை விழுகிறது. அடுத்து யாரோ ஒரு பெயர். இங்கே என் குரல் மட்டும்தான் வந்திருக்கிறது. ஆள் கந்தப்பளைப் பெரட்டில், பனிக்குள், அடுத்த பெயருக்குப் பதில் வருமா என்று காது கொடுத்து நிற்கிறான்.