நான் அடைத்த பொட்டு

கிணற்றுத் தண்ணீரைத் தை மாதத்தில் குடித்துப் பார்த்து வீடு எடுத்த யாழ்ப்பாணத்தான் என்னைத் தவிர வேறு எவனும் இருக்கமாட்டான். மாரி மழை முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் எந்தக் கிணறும் இளநீர்தான். சித்திரை வெயிலில் குடித்தால்தான் அதன் உண்மைக் குணம் தெரியும். இது இங்கே பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். நான் பட்டதாரி.

போன மாதம் மருமகன், என் தமக்கையின் மகன், கொழும்பிலிருந்து போன் எடுத்தான். யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வருகிறானாம்.

"மாமா, ரவுணுக்கை வேண்டாம். ஒதுக்குப்புறமா, சத்தம் சந்தடி இல்லாத வீடொண்டு பாருங்கோ. கந்தோருக்குப் போய்வாற தூரமா இருந்தாச் சரி."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி சாந்தி தலையை நிமிர்த்தவில்லை. "முதல் அவன்ரை மனிசியைக் கேக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

வெங்காய மணம் எனக்கு எப்போதும் கொடிகாமச் சந்தையின் மணம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தினமும் காலையில் அந்த மணத்துக்குள் நின்றுதான் பஸ் பிடித்தேன். நாற்பதில் கலியாணம் கட்டியவன் நான். அதுவரை பிள்ளைகள் கத்திப் படிக்கும் இரண்டு ரியூட்டறிகளுக்கும் ஒரு கோயில் ஒலிபெருக்கிக்கும் நடுவில் குடியிருந்தேன். கந்தோரில் பகல் முழுக்கச் சனத்தின் முறைப்பாடு கேட்கிற வேலை. பின்னேரம் ஒருவரின் குரலும் காதில் விழக்கூடாது என்பது மட்டுமே வாழ்க்கை இலட்சியம். சாந்தியின் இலட்சியம் என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கொடிகாமத்திலிருந்து கடற்பக்கமாக இருபது நிமிடம் சைக்கிள் மிதித்தால் அந்த வீடு. தென்னைகளுக்குள் ஓட்டுவீடு, வெள்ளை மணல் முற்றம். தரகர் வாளியில் அள்ளித் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு "அமிர்தம்" என்றேன். தரகர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் சித்திரையில் விளங்கியது.

அந்தச் சொர்க்கத்தில் ஒரேயொரு ஓட்டை. பக்கத்து வளவோடு இருந்த வேலியில் ஆள் குனிந்து போய்வர ஓர் இடைவெளி. எங்கள் ஊரில் அதற்குப் பொட்டு என்று பெயர். அதற்கு அந்தப் பக்கம் செல்வமணி அக்கா. புருஷன் லொறியோடு கொழும்புக்கும் கொடிகாமத்துக்குமாக ஓடுகிறவர். அக்காவின் பேச்சு முதலில் பொட்டால் வரும், பிறகுதான் அக்கா வருவார்.

"தம்பி, மாங்காய் வேணுமே?"

"தம்பி, ஏன் இப்பிடி மெலிஞ்சு போறியள்? வருத்தம் கிருத்தமோ?"

முதல் ஞாயிற்றுக்கிழமையே பனையின் முள்ளுமுள்ளான கருக்குமட்டை வெட்டிப் பொட்டை இறுக்கி அடைத்தேன். அக்கா அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, ஆடு வருதே?"

"ஓம் அக்கா, ஆடுதான்."

அவர் வீட்டில் ஆடு இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை.

சித்திரை பிறந்தது. கிணறு உவர்த்தது. தேநீர் ரசம் மாதிரி இருந்தது. சாந்தியின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. அதையும் நான் அமைதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"இண்டைக்கு நீங்கள் வருமட்டும் நான் ஒரு மனிசரோடையும் கதைக்கேல்லை. காகத்தோடைதான் கதைச்சனான்," என்றாள் ஒரு பின்னேரம்.

"நீர் குடுத்து வச்சனீர்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "வைகாசி மட்டும் பாப்பன். பிறகு நான் அம்மா வீட்டை போறன்."

அடுத்த கிழமை தேநீர் திடீரென்று நன்றாயிருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. கந்தோரில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "என்ரை கிணறு திருந்தீட்டுது!" எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பிறகொரு நாள் பஸ்காரர் பணிப்பகிஷ்கரிப்பு. கொடிகாமத்திலிருந்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தால், வீட்டில் சாந்தி இல்லை. வேலிப் பக்கம் சிரிப்புச் சத்தம். மெல்லப் போய்ப் பார்த்தேன். இரண்டு கருக்குமட்டை கழற்றி ஒழுங்காகச் சாத்தியிருந்தது. பக்கத்தில் அக்காவின் கிணற்றில் அள்ளிய ஒரு குடம் நல்ல தண்ணீர். அந்தப் பக்கம் செல்வமணி அக்கா குரலைத் தடிப்பாக்கி, "ஓம் அக்கா, ஆடுதான்" என்று என்னைப் போலவே சொல்லிக் காட்ட, சாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. அவளுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சத்தம் போடாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினேன். சந்தையில் அங்குமிங்கும் நின்று, வழமையான நேரத்துக்குத்தான் வீட்டுக்குப் போனேன்.

"எங்கடை கிணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கு," என்றேன் தேநீரைக் குடித்தபடி.

"ஓம்," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வைகாசி வந்தது. அவள் போகவில்லை. ஆறு வருடம் அங்கேயே இருந்தோம்.

மருமகனுக்காகப் போன ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். இரண்டு வளவையும் வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர் ஆளுக்கொன்றாக வாங்கிவிட்டார்கள். வேலி இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேலே மதில். கேற்றில் பூட்டு, கிணற்றுக்குச் சீமெந்து மூடி. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மதில்தான். வேலியே இல்லாத இடத்தில் பொட்டு எங்கே இருக்கும்? மருமகனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. "நெத்தியிலை வைக்கிறதோ மாமா?" என்று போனில் கேட்டான்.

செல்வமணி அக்கா இப்போது மகளோடு சந்தைப் பக்கம் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மதிலைப் பற்றிச் சொன்னேன். சொன்ன கையோடு, இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்:

"அண்டைக்கு உங்களை வரவிடாமப் பொட்டை அடைச்சது என்ரை பிழைதான் அக்கா."

அக்கா இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கென்ன தம்பி, எனக்குப் போக நாலு வீடு இருந்தது. நீங்கள் சாந்தியையெல்லே அடைச்சு வச்சனீங்கள்."