ஜப்பான் சாப் குனிந்து நின்றது

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோபம் மட்டும் மறக்கவில்லை.

அப்பா வடக்கே கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே புது மெஷின் மாட்டுவதற்காக ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. காலனி முழுக்க 'ஜப்பான் சாப்', அதாவது ஜப்பான் துரை, என்றே ஆயிற்று. தம் ஊரில் பெரிய ஃபுட்பால் ஆட்டக்காரராம். முழங்கால் போனதும் ஆட்டம் நின்று, மெஷின் வேலைக்கு வந்துவிட்டார். சாயங்காலமானால் காலனிப் பையன்களுக்குக் கோச். கத்தமாட்டார். யாராவது தப்பாக உதைத்தால் தாமே நொண்டிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்து வந்து, மறுபடியும் அதே இடத்தில் வைப்பார்.

கோலுக்குப் பின்னால் போகிற பந்தை எடுத்துப் போடுவது என் வேலை. குனிந்து எடுக்கச் சோம்பல்பட்டு இடது காலால் ஒரே உதை உதைப்பேன். அதை அவர் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து பையன்களோடு என்னையும் நிறுத்தினார்.

ரயில்வே காலனியோடு மேட்ச் வந்தது. அந்த வாரம் பார்த்து அண்ணனுக்கு அம்மை போட்டு, ஆள் ஒன்று குறைந்தது. ஜப்பான் சாப் என்னைக் காட்டி அப்பாவிடம் சைகை செய்தார். அப்பா ஃபோர்மேன் ஆகவேண்டியவர். சாப் கேட்டால் மறுபேச்சு உண்டா? வீட்டுப் பின்வாசலில் என்னை உட்காரவைத்து, தன் கையாலேயே மொட்டை அடித்தார். இடுப்பு வரை கிடந்த பின்னல். "யாராச்சும் கேட்டா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சைன்னு சொல்லு" என்றார். அம்மா பின்னலை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அழுகையே வரவில்லை. அண்ணனின் நிக்கர் கிடைத்துவிட்டதே!

என் தலையைப் பார்த்து ஜப்பான் சாப் திடுக்கிட்டார். அவரிடமும் அப்பா மாதாவுக்கு நேர்ச்சை என்றே சைகை காட்டினார்.

மேட்சில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடியப்போகிற நேரத்தில் பந்து என் இடது காலுக்கு வந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற சித்தி எல்லாவற்றையும் மறந்து, "ஏளா! ஓங்கி அடிளா!" என்று கத்தினாள். அடித்தேன். கோல். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பெண்பிள்ளையைத்தான் 'ஏளா' என்பார்கள். ரயில்வே டீமைக் கூட்டி வந்தவரும் திருநெல்வேலிக்காரர்.

"என்ன ஓய், பொட்டப்புள்ளைய இறக்கியா ஜெயிக்கீரு?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு ஒண்ணும் தெரியாது ஓய். இந்தச் சனியன் அண்ணன் நிக்கரத் திருடிப் போட்டுட்டு வந்திருக்கு." சொல்லிவிட்டு, தான் சிரைத்த அதே தலையில் ஓங்கி அறைந்தார். மொட்டைத் தலையில் அறை விழுந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

என்னை ஆடக் கூப்பிட்டவர் ஜப்பான் சாப்தானே, அவர் உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் வந்து நின்றார். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பை மடித்து, தரையைப் பார்த்துக் குனிந்தார். ஒரு வார்த்தை இல்லை. நிமிரவும் இல்லை. என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நிற்கிறான் மனுஷன் என்றுதான் எனக்குப் பட்டது. காலால் மண்ணை எத்தி அவர் ஷூமேல் தூவினேன். அப்போதும் அசையவில்லை.

கோல் செல்லாது என்றார்கள். காலனியே சிரிக்கிறது, இனி வெளியே போகாதே என்று என் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார் அப்பா. அவர் ஃபோர்மேன் ஆனார். ஜப்பான் சாப் ஊர் திரும்பியபோது ஓடிப்போய் மாலை போட்டதும் அவர்தான். அங்கே ஒரு கம்பெனி டீமுக்குக் கோச்சாகி சாப் பேர் வாங்கினார் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். பயந்தாங்கொள்ளிக்கு வந்த பேரைப் பார் என்று நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன மாதம் கராடியில் மகன் வீட்டில் மட்டர், பச்சைப் பட்டாணி, உரித்துக்கொண்டிருந்தேன். டிவியில் ஃபுட்பால். தோற்றுப்போன ஜப்பான் டீமின் கோச், அவரும் முன்பு ஆடியவராம், கூட்டத்துக்கு முன்னால் வந்து கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பை மடித்துக் குனிந்தார். நிமிரவில்லை.

"என்னத்தத் தேடுதான் இவன்?" என்றேன்.

"தேடல மம்மி, மாஃபி கேக்கறார். அவங்க ஊர்ல பெரிய தப்புக்குத்தான் அவ்ளோ நீச்சே குனிவாங்க" என்றான் மகன். மாஃபி என்றால் மன்னிப்பு, நீச்சே என்றால் கீழே.

அப்புறம் ஒரு காய்கூட உரிக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தப்பான ஆள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். அந்த மைதானத்தில் குனிந்தவர் அவர் ஒருத்தர்தான். குனிய வேண்டியவருடைய கல்லறையில் வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் ஏற்றுவேனா, தெரியாது.

மேட்ச் நடந்தது ஈஸ்டருக்கு முன்பா பின்பா என்று எனக்கு நிச்சயமில்லை. அது போகட்டும். மகன் சொன்னது சரிதானா என்று ஜப்பான் வழக்கம் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள். இதையும் கேட்டுச் சொல்லுங்கள்: அப்படிக் குனிந்தவர் எப்போது நிமிரலாம்? எதிரே நிற்பவர் ஏதாவது சொல்ல வேண்டுமா? நான் மண்ணைத் தூவிவிட்டு வந்துவிட்டேன்.