ஹீலி கல்லறையில் இடம்

காலை ஆறரைக்கு ருவைஸ் காம்ப்பிலிருந்து தண்ணீர் லாரியில் புறப்பட்டோம். அபுதாபி இருநூற்று நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து அல் ஐன் இன்னும் நூற்றறுபது. ஷேர் டாக்ஸியில் ஆளுக்கு இருபது திர்ஹாம். ஊர் சுற்றப் போகிற முகம் எங்கள் இருவருக்குமே இல்லை. என் ரூம்காரன் சிவராசா யாழ்ப்பாணத்துக்காரன். அல் ஐனில் டிரைவராக இருந்த அவன் அண்ணன் மாரடைப்பில் போய் ஐந்து வாரம். உடல் இன்னும் ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் கிடந்தது.

இது 1986. கொழும்புவரை பெட்டி போகும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சண்டையால் பாதை நிச்சயமில்லை. அதனால், சுடுகாடு இருந்த துபாயில் எரிக்கச் சம்மதம் என்று சிவராசா கையெழுத்துப் போட வேண்டும். சாம்பலையாவது கீரிமலைக் கடலில் கரைக்க வேணும் என்று அவன் அம்மா எழுதியிருந்தார். பாதை திறக்கும்வரை அதை எங்கே வைப்பது? ஆறு பேர் படுக்கிற ரூமில் ஒருவரும் ஒப்பவில்லை. சாம்பலை வீட்டுக்குள் வைப்பார்களா என்று முதலில் குதித்தவன் நான்தான். கையெழுத்து அதனால்தான் தள்ளிக்கொண்டே போனது.

அல் ஐன் சேர்ந்தபோது மதியம் ஒன்றேகால். அண்ணனுக்கு விசா கொடுத்து வேலைக்கு வைத்திருந்த கஃபீலின் ஆபீஸ் நாலு மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். அதுவரை ஹீலி பூங்கா நிழலில் இருங்கள் என்று டாக்ஸி ஓட்டிவந்த பட்டாணியர் இறக்கிவிட்டுப் போனார். நுழைவுச்சீட்டு ஒரு திர்ஹாம். நடுவில் நாலாயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய கல்லறை. பன்னிரண்டு மீட்டர் குறுக்களவில் வட்டம். மண் வீட்டில் இருந்துகொண்டு கோதுமை விதைத்த சனங்கள், செத்தவர்களுக்கு இப்படிக் கல் இழைத்திருக்கிறார்கள். வாசல் தவழ்ந்து நுழையும் அளவுதான். அதற்கு மேலே இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் பிடித்தபடி நிற்கும் செதுக்கல்.

ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தோண்டியபோது மண் சுமந்தவராம் அங்கிருந்த மலையாளிக் காவலாளி.

"ஒத்த ஆளுக்குக் கட்டினதல்ல. தலைமுறை தலைமுறையா எல்லாரும் இதுக்குள்ளே. புது ஆள் மரிச்சா வாசக்கல்லை எடுத்து மாத்திவச்சு, பழைய எலும்பை ஓரமாத் தள்ளி இடம் உண்டாக்கும்."

"ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்லையோ?" என்றான் சிவராசா.

"அது எலும்பில் தெரியாதே" என்றார் அவர்.

சிவராசா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் திட்டியிருப்பேன், அவ்வளவு வெட்கமாக இருந்தது. மூன்றரைக்குப் பூங்காவை விட்டுக் கிளம்பினோம்.

நாலேகால். கஃபீலின் குமாஸ்தா தாளை நீட்டி, சாம்பலை வாங்கி எந்த முகவரியில் வைப்பீர்கள் என்று இந்தியில் கேட்டார். சிவராசா பேனாவைப் பிடித்தபடி நின்றான்.

"ருவைஸ் காம்ப். எங்க ரூம்" என்றேன் நான். "போடுப்பா. என் கட்டிலுக்குக் கீழ வச்சுக்கலாம். என் பெட்டிய வெளிய தள்ளிடறேன்."

"நீங்கள்தானே ஏலாதெண்டனீங்கள், அண்ணை?"

"நான்தான் சொன்னேன். போடு."

போட்டான். அதன் பிறகுதான் அழுதான்.

ஐந்தரைக்கு அபுதாபி டாக்ஸி கிடைத்தது. மற்றவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆனால் என் கான்ட்ராக்ட் முடிய இன்னும் பதினொரு மாதம்தான். அதற்குள் பாதை திறக்காவிட்டால் என் கட்டிலுக்கு எவன் வருவான், அவன் என்ன சொல்வான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.