முத்துமாரி சொன்ன புத்தகம்

வாட்ஸப்பில் கைகூப்புகிற அந்தப் பொம்மையை யாராவது எங்கள் குழுவில் தடை செய்தால், அவர் வீட்டுக்கே போய் மாலை போட்டுவிட்டு வருவேன். அவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன்.

குழுவின் பெயர் பாலாற்றங்கரை வாசகர்கள். நானூறு பேருக்குக் கொஞ்சம் கம்மி. வேலூர், ஆம்பூர், குடியாத்தம், ஜோலார்பேட்டை எல்லா ஊரிலும் ஆள் உண்டு. படித்ததில் நல்லதாக ஒரு புத்தகமோ கட்டுரையோ இருந்தால் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். குழுவுக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான். வாத்தியார்கள், வங்கிக்காரர்கள், இரண்டு டாக்டர்கள், ரயில்வே சிக்னல் பிரிவில் இருக்கும் நான் என்று ஒரு கலவை. நடத்துகிறவர் நாகேந்திரன் சார், கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர்.

முத்துமாரியும் அதில் இருந்தார். வயது முப்பத்தெட்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலை. தைத்து வருகிற ஷூ மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தையல் தப்பியிருந்தாலோ தோலில் கீறல் இருந்தாலோ அந்த இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தவர், இருபது வருஷமாக அங்கேதான். காலை ஏழே காலுக்குக் கம்பெனி பஸ். போக வர ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் படித்த புத்தகங்களை நான் என் வீட்டு மெத்தையில் சாய்ந்துகொண்டு பாதிகூடப் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய சிபாரிசு வரும். நாங்களெல்லாம் 'மானுட தரிசனம்', 'உன்னத வாசிப்பு' என்று உருட்டிக்கொண்டிருப்போம். அவர் எழுதுவது வேறு மாதிரி. "முதல் நாப்பது பக்கம் பேஜார், தாண்டிப் போய்டுங்க. நூத்திப்பத்தாம் பக்கத்துல ஒரு கல்யாணம் வருது, அதுக்காகவே வாங்கலாம். வீட்ல யாருக்காவது உடம்பு முடியலன்னா கடைசி அத்தியாயத்த இப்ப படிக்காதீங்க." இப்படி எழுதத் தெரிந்தவர் குழுவில் வேறு யாருமில்லை. நாகேந்திரன் சாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒருமுறை என்னிடமிருந்த பழைய பயண நூல் ஒன்றைக் கேட்டார். ஆம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வைத்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. உள்ளே இரண்டு பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு அம்புக்குறி.

"இன்னாம்மா இது?"

"அந்த ரெண்டு எடத்துலயும் ஆளு கப்சா அடிக்கிறாருண்ணா. பயப்படாதீங்க, உரிச்சா வந்துடும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கப்சாதான். ஒரே ஆற்றை இரண்டு தேதியில் முதல்முறையாகத் தாண்டுகிறார் மனுஷன். பத்து வருஷமாக அதை மெச்சிக்கொண்டிருந்தவன் நான்.

அவருக்குப் பிடித்தது கடல், பனி, பறவை, கப்பல். குழுவில் ஆளாளுக்கு அவரிடம் உழைக்கும் மக்கள் இலக்கியம் படியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் என்னிடம் போனில் கேட்டார்: "எட்டு மணி நேரம் அங்கதாண்ணா நிக்கறேன். புக்குலயும் அங்கயே போயி நிக்கணுமா?"

இப்போது கோபத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஒரு கட்டுரையைச் சிபாரிசு செய்தார். கலங்கரை விளக்கங்களில் தனியாக இருந்து வேலை பார்த்தவர்களைப் பற்றியது, ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. எங்கே கிடைக்கும், எந்தப் பத்தியில் எழுதியவர் தடுமாறுகிறார், ஏன் அதையும் மீறிப் படிக்க வேண்டும் என்று அழகாக எழுதியிருந்தார். கீழே வந்த பதில்களைப் பாருங்கள். 'வணங்குகிறேன் சகோதரி.' 'நாள் முழுக்க நின்று உழைத்துவிட்டும் படிக்கிறீர்களே, கண்ணீர் வருகிறது.' 'தோல் வாசத்துக்கு நடுவில் ஒரு மல்லிகை.' இதை எழுதியவரை எனக்குத் தெரியும், நேரில் பார்த்தால் கேட்பேன். இவை போக, நூற்றுப் பன்னிரண்டு கைகூப்பும் பொம்மைகள். கட்டுரையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஓட்டல்காரர் இன்றைக்கு மீன் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், நீங்கள் இவ்வளவு சூட்டில் நிற்கிறீர்களே என்று அழுதுவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போகிற மாதிரி.

ஆகஸ்டில் நாகேந்திரன் சார் ஒரு கட்டுரையைச் சிபாரிசு செய்தார். யார் கண்ணிலும் படாத முத்து என்று தலைப்பு வேறு. அதே கலங்கரை விளக்கக் கட்டுரை. குழு பற்றிக்கொண்டது. ஒரே வாரத்தில் அறுபது பேர் படித்தார்கள். ஞாயிறு மாலை கூகுள் மீட்டில் கலந்துரையாடல். முத்துமாரி மைக்கைத் திறந்து, "சார், இத நான் ஜூன்லயே போட்டிருந்தேன்" என்றார். சார் கொஞ்சமும் தயங்கவில்லை. "அப்படியாம்மா? உங்களுக்கும் புரிஞ்சுதுன்னா ரொம்ப சந்தோஷம்" என்றார்.

உங்களுக்கும் புரிஞ்சுதுன்னா! எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

சார் திருடினார் என்று நான் சொல்லவில்லை. ஜூன் பதிவைத் தேடிப் பார்த்தேன். அதன் கீழே முதல் கைகூப்பு அவருடையதுதான். திருடியிருந்தால்கூட அந்தப் பெண் எழுதியதைப் படித்தார் என்றாவது ஆகியிருக்கும். படிக்காமல் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அவராகவே அதைக் கண்டுபிடித்திருக்கிறார். திருட்டைவிட இது கேவலம் என்பது என் அபிப்பிராயம்.

டிசம்பரில் வேலூரில் ஆண்டு விழா என்றார்கள். முத்துமாரிக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொன்னார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பொன்னாடை போடுங்கள், போடாமல் போங்கள், ஒரு புத்தகத்தைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேச விட வேண்டும். "அப்புறம் ஒருத்தராவது அத வாங்கிப் படிச்சா போதும்ணா. நான் சொன்னேன்னு படிக்கணும். வேற ஒன்னும் வேணாம்" என்று என்னிடம் சொன்னார். நாகேந்திரன் சார் சரி என்றார்.

அழைப்பிதழ் வந்தது. ஒருவருக்கு 'இன்றைய சிறுகதை'. இன்னொருவருக்கு 'மொழிபெயர்ப்பின் சவால்கள்'. முத்துமாரிக்கு 'தோலும் கண்ணீரும்: என் வாழ்க்கைப் போராட்டம்'. அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ படம். அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்தது.

"இன்னாண்ணா இது? கல்யாணத்துக்குப் போனப்ப எடுத்த போட்டோவ நல்லா இருக்கேன்னு அனுப்பினா, பக்கத்துல ஷூ போட்டு வெச்சிருக்காங்க. இதுல எனக்கு இன்னா போராட்டம்? மாசாமாசம் புக்கு வாங்கறேன், படிக்கறேன், நல்லாத்தான இருக்கேன்?"

"வராதம்மா. அவனுங்களுக்கு அப்பதான் உறைக்கும்."

"வருவேன். பதினஞ்சு நிமிஷம் குடுக்கறேன்னு சொல்லிருக்காங்க இல்ல?"

வந்தார். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹால், நூற்றிருபது நாற்காலி, எல்லாம் நிறைந்திருந்தது. பச்சைப் புடவை, கையில் மெல்லிய புத்தகம் ஒன்று. பறவைகளைப் பின்தொடர்ந்து பனிக்கடல் வரைக்கும் போன ஒரு பெண்ணின் பயணக் குறிப்புகள். புத்தகத்தின் பெயரைச் சொல்லி, எழுதியவர் பெயரைச் சொல்லி, நேராக விஷயத்துக்குப் போனார். கால் உறைந்துபோன ஒரு பறவையை அந்தப் பெண் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாகேந்திரன் சார் ஒரு துண்டுச்சீட்டை மேடைக்கு அனுப்பினார்.

முத்துமாரி அதைப் பார்த்தார். பிறகு மைக்கிலேயே வாசித்தார்: "தங்கள் வாழ்க்கை அனுபவத்தைப் பேசவும்."

சீட்டை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார்.

"இதுவும் என் அனுபவம்தான் சார். பஸ்ல படிச்சேன்" என்றார். குரல் உயரவில்லை. எங்களைப் பார்த்துத் திரும்பினார். "ஜூன்ல ஒரு கட்டுரை சொன்னேன். நூத்திப் பன்னெண்டு பேரு கும்பிட்டீங்க. நான் சொன்னேன்னு அத எடுத்துப் படிச்சவங்க ஒருத்தர் இருந்தா கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. என் கையும் மடியிலேயே கிடந்தது. அந்த நூற்றுப் பன்னிரண்டில் நானும் ஒருவன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் புத்தகத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து பேசினார். மிச்சமிருந்த பதினோரு நிமிஷமும் பனியும் பறவையும்தான். முடிக்கும்போது பெயரை இன்னொரு தடவை சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். அவரோடு செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. மறுநாள் குழுவில் படம் வந்தது: 'தோல் தொழிற்சாலைத் தோழியின் கண்ணீர் உரை.' அந்தப் பெண் அழவே இல்லை! அதற்கும் கைகூப்பு.

நான் பொங்கிவிட்டேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிக் குழுவில் போட்டேன். ஜூன், ஆகஸ்ட், அழைப்பிதழ், ஷூ படம், துண்டுச்சீட்டு, ஒன்றையும் விடவில்லை. நாகேந்திரன் சாரைப் பெயர் சொல்லியே விளாசினேன். நாங்கள் வாசகர்களே இல்லை, கும்பிடுகிற கூட்டம் என்று எழுதினேன். தொண்ணூறு பேர் 'சரியாகச் சொன்னீர்கள் ஜான்சன்' என்றார்கள். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முத்துமாரி கூப்பிட்டார். பஸ்ஸுக்கு நிற்கிறார் போல, பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"படிச்சேண்ணா. நல்லா எழுதியிருக்கீங்க. ரொம்பக் கோவமா."

"பின்ன என்னம்மா? உன்ன அப்படிப் பண்ணா சும்மா இருக்க முடியுமா?"

"நாலு பக்கத்துல அந்த புக்கு பேரு ஒரு எடத்துலயும் இல்லண்ணா."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் எழுதியதை வேகமாகத் தள்ளிப் பார்த்தேன்.

"பேரு இன்னான்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவர் கட்டியிருந்த புடவையின் நிறம் ஞாபகம் இருந்தது. துண்டுச்சீட்டில் இருந்த நாலு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. பெயர் வரவில்லை.

"ரெண்டு தடவ சொன்னேன்" என்றார். "பஸ் வந்துடுச்சு, வெக்கறேண்ணா." சாயங்காலம் பார்த்தால் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

விழாவுக்கு வந்திருந்த பதின்மூன்று பேரைப் போனில் பிடித்துக் கேட்டேன். எல்லோருக்கும் அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கிறது, சீட்டை வாசித்தது ஞாபகம் இருக்கிறது. குழுவில் யாரோ போட்ட வீடியோவும் சீட்டை வாசிப்பதில் ஆரம்பித்து அந்தக் கேள்வியோடு முடிகிறது. கடைசியில், வேறு வழியில்லாமல், நாகேந்திரன் சாரையே கூப்பிட்டேன். நான் திட்டியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அருமையான பேச்சு என்றார். புத்தகத்தின் பெயரைக் கேட்டேன்.

"அது ஏதோ பறவை சம்பந்தப்பட்டது இல்லையா?" என்றார்.

எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.