மூன்று முக்குத் தாங்கும் பிஸ்கட்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பா, ஆண்டுக் கடைசி விடுமுறையில் குடியிருப்பு முழுவதற்கும் பிஸ்கட் சுட்டுக் கொடுப்பார். பரிசுக் காகிதம் கிடையாது. கழுவிய ஜாம் பாட்டில்தான். பாட்டிலைத் திருப்பித் தந்தவருக்கே அடுத்த ஆண்டு பிஸ்கட்.

அவர் போய் எட்டு மாதம். வழக்கம் நின்றுவிடக் கூடாதென்று இந்த ஆண்டு மகள் கிராம் கணக்கில் அளந்து சுட்டாள். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஒன்றை எடுத்து டீயில் முக்கினார். பாதி உள்ளே விழுந்தது.

"நல்லாயில்லையாக்கா?"

"ருசியாத்தான் இருக்கு. ஆனா உங்கப்பா பிஸ்கட் மூணு முக்கு தாங்கும்டி. நனைக்காம கடிச்சா பல்லு கையில வந்துடும்."

"இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே?"

"சொன்னா மனுஷன் மாத்திடுவாரு. அப்புறம் டீக்கு நாங்க எங்க போறது?"

மகள் சிரித்துக்கொண்டே மாடியேறினாள். மீதி பிஸ்கட்டை மறுபடி ஓவனுக்குள் தள்ளி, இன்னும் கால் மணி நேரம் வைத்தாள்.