நான் வேண்டாமென்ற பதினோரு ஊர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு ஒரே வேலை. லேத்தில் கடைந்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து பார்க்க வேண்டும், அளவு சரியில்லாததை ஒதுக்க வேண்டும். தலைமுடி கனத்துக்குக் கூடக்குறைய இருந்தாலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துத் தொட்டியில் போட்டுவிடுவேன். மெஷினில் நிற்கிறவர்கள் என்னைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கென்ன? கெட்ட துண்டு ஒன்று வெளியே போய்விட்டால் என் தலைதான் உருளும். நல்ல துண்டைத் தவறுதலாக ஒதுக்கினால் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அதனால் சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடுவது என்று பழகிப்போனேன்.

என் கணவர் அதே எஸ்டேட்டில் நாலு தெரு தள்ளி வெல்டராக இருந்தார். பிறந்து வளர்ந்ததெல்லாம் அம்பத்தூர். வாய் திறந்தால் மூடமாட்டார். டீக்கடையில் முன்பின் தெரியாத ஆளைப் பத்து நிமிடத்தில் மச்சான் ஆக்கிவிடுவார். நான் நேர் எதிர். பழகின தெரு, பழகின மளிகைக் கடை, பழகின நாலு முகம், அதற்கு மேல் எனக்கு ஆகாது. எங்களுக்குப் பிள்ளையில்லை. திருமுல்லைவாயிலில் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படி ஏறும்போது, பிறகு சமதரையில் நடக்கும்போது, அப்புறம் சட்டை மாட்டும்போதே. நுரையீரல் தடித்துக்கொண்டே போகிறது, பழையபடி ஆக்க மருந்தில்லை என்றார் டாக்டர். ராத்திரி தூங்கும்போது மூக்கில் குழாய் வைத்துக்கொள்ள ஆக்ஸிஜன் மெஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார். முடிந்தால் இந்தப் புகையையும் தூசியையும் விட்டுவிட்டு ஏதாவது சின்ன ஊராகப் பார்த்துப் போய்விடுங்கள், இருக்கிற நாளாவது சுலபமாக இருக்கும் என்றும் சொன்னார். போவதென்றால் சீக்கிரம் போங்கள் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டும் கேட்காதவளாக எழுந்து வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஊர் பார்க்கக் கிளம்பினோம். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் ஒரு பக்கம், ஆவடியில் ரயில் ஏறினால் இன்னொரு பக்கம். மாதத்துக்கு ஒரு ஊர் வீதம் பார்ப்பது என்று கணக்கு. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தண்ணீர், டாக்டர், கரண்ட், தெரு, வீட்டுக்குப் படி எத்தனை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பெண் பார்க்கப் போகிற மாமியார்கூட இவ்வளவு கேட்கமாட்டாள் என்றார்.

முதல் ஊரில் அரிசி ஆலை இருந்தது, உமி பறந்தது. இரண்டாவது ஊரை நெடுஞ்சாலை ஒட்டிக்கொண்டு போனது. மூன்றாவதில் தண்ணீர் உப்பு. நான்காவதில் டாக்டர் மத்தியானத்தோடு பூட்டிக்கொண்டு போய்விடுவாராம். ஐந்தாவதில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் ஊருக்கு வெளியே செங்கல் சூளை. ஆறாவதில் ஒரு தெருவுக்கு இருபது நாய். ஒவ்வொரு தடவையும் திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்பார், இதுவும் ஃபெயிலா என்று. ஃபெயில்தான் என்பேன். தோளில் தட்டிவிட்டுத் தூங்கிப்போவார். கோபமே வராது அவருக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுக்கொள்வேன்.

ஏழாவது ஊர் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்தது. ஆற்காட்டில் பஸ் மாறிப் போனோம். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஏரி, அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கியவர் பேசிக்கொண்டே நடந்தார். ஏரிக்கரை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர் எங்கேயும் நிற்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் போவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிற மனிதர். அவருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைத்தெருவில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்று. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வெல்டருக்கும் காயில் கட்டுகிறவருக்கும் பேச விஷயமா இல்லை? நான் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் என் கணவர் ஒரு மோட்டாரின் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பின்னால் கடைக்காரருடைய வீடு ஒன்று காலியாக இருந்தது. இரண்டு அறை, ஒரு படிகூடக் கிடையாது.

நான் கரண்ட்டைப் பற்றிக் கேட்டேன். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை, காற்றடித்தால் இடையில் போகும் என்றார் கடைக்காரர். ஆக்ஸிஜன் உள்ள ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரம் தள்ளி. நோட்டில் குறித்துக்கொண்டேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் கணவர் என் கையைப் பிடித்தார்.

"எனக்கு இந்த ஊரு போதும்மே" என்றார்.

"கரண்டு போனா இன்னா பண்ணுவ? மெஷினு நின்னுச்சின்னா நான் எங்க ஓடுவேன், யாரைக் கூப்புடுவேன்?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு, பசிக்கிறது, வேர்க்கடலை வாங்கு என்றார். அன்று பூந்தமல்லி வரைக்கும் அவர் தூங்கவும் இல்லை, பேசவும் இல்லை.

அதற்குப் பிறகும் நாலு ஊர் பார்த்தோம். கூட வந்தார், ஆனால் பார்க்கவில்லை. பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்பார். நான் வெயிலில் அலைந்து, ஏதாவது ஒரு குறையோடு திரும்பி வருவேன். பத்தாவது ஊரில் என்ன குறை என்று இன்று யோசித்தால் நினைவுக்கே வரவில்லை. பதினோராவது ஊருக்குப் போனபோது தோள்பையில் சின்ன சிலிண்டர் வைத்து, பகலிலும் மூக்கில் குழாயோடுதான் வந்தார். பஸ்ஸில் ஒரு குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இவர் யானை மாதிரி கையை ஆட்டிக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு ஊர் பார்ப்பது நின்றது.

மழைக்காலம் முழுக்கக் கட்டிலில் இருந்தார். மெஷின் இரவும் பகலும் ஓடியது. ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை, மூடினால் புழுக்கம். தை பிறந்து பத்து நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் விடிகாலை போய்விட்டார். எங்கே அவர் மூச்சு விடக்கூடாது என்று டாக்டர் சொன்னாரோ, கடைசி மூச்சு வரைக்கும் அங்கேயேதான் விட்டார். நான்தான் விடவைத்தேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவருடைய போன் அடித்தது. எடுத்தேன். "அண்ணே, இன்னா ஆளே காணோம்" என்றது ஒரு குரல். காயில் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, நான் வேலைக்குப் போயிருக்கும் மத்தியானங்களில் இவர்கள் இரண்டு பேரும் தினமும் பேசியிருக்கிறார்கள். மாதக் கரண்ட் கட் அன்று ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் அக்கா என்று கூப்பிட்டார். ஏன் அன்றைக்கு என்று கேட்டேன். அண்ணன் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், வந்தால் தெரியும் என்றார்.

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் நாள் சாயங்காலமே போய்க் கடைக்காரர் வீட்டில் தங்கினேன். காலையில் அவர் அந்தக் காலி வீட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு இன்வெர்ட்டர், இரண்டு பெரிய பேட்டரி. அதற்கு விலையாகத் தன் வெல்டிங் மெஷினைப் பார்சலில் அனுப்பியிருக்கிறார் என் கணவர். அது கடை மூலையில் இருந்தது. அம்பத்தூரில் ஒரு கூட்டாளியிடம் இரவல் கொடுத்திருப்பதாக என்னிடம் சொல்லியிருந்தார். சுவரில் சாக்பீஸ் கோடுகள். போனில் முகம் பார்த்துப் பேசி, கட்டில் எங்கே, ஆக்ஸிஜன் மெஷின் எங்கே, ப்ளக் எங்கே என்று இவர் சொல்லச் சொல்ல அவர் குறித்திருக்கிறார். ஜன்னலோரம் தனியாக இன்னொரு கட்டம் இருந்தது. அது யாருக்கு என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றார். அங்கிருந்து பார்த்தால் தெருக்குழாய் தெரிந்தது. நாலு பெண்கள் குடத்தோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு செய்தவர் என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"நானும் கேட்டேங்கக்கா. 'அவளுக்கு மெஷின் நின்னுடும்னு பயமில்ல மச்சான். நான் போய்ட்டேன்னா தெரியாத ஊர்ல ஒண்டியா நிக்கணுமேன்னு பயம். அத நான் போட்டு அழுத்தக்கூடாது, அவளே வரணும்'னு சொன்னாரு. ஜன்னலாண்ட ஆளு சத்தம் கேட்டுகினே இருந்தா உங்களுக்குப் பழகிடும்னாரு."

அது உண்மை. உப்புத் தண்ணீர், நாய், செங்கல் சூளை எல்லாம் நான் தேடிப் பிடித்தவை. ஒவ்வொரு ஊரிலும் இறங்கின உடனே என் மனதில் ஓடியது ஒன்றுதான்: இவர் இல்லாமல் இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்? அதை எனக்கே சொல்லிக்கொள்ளாமல் நோட்டில் வேறு என்னென்னவோ எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, தன் மூச்சை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, வேர்க்கடலை கேட்டிருக்கிறார்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. கடைத்தெருவில் மாவு மில் சத்தம் நின்றது. என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. மின்விசிறி ஓடினால் போதுமா, ஆக்ஸிஜன் மெஷின் இழுக்கும் கரண்ட் அதிகமாயிற்றே என்று அப்போதும் என் வாய் கேட்டது. நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார் என்றபடி, அதே அளவு இழுக்கும் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து அதே ப்ளக்கில் மாட்டி ஓடவிட்டுப் போனார் கடைக்காரர். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைத் தனியாக விட்டுப் போனாள்.

நான் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. மோட்டார் நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு நிமிடம் நின்றால் போதும், நான் வேண்டாமென்று சொன்னது சரிதான் என்று ஆகிவிடும், வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம். பன்னிரண்டு, ஒன்று. காபி ஆடை கட்டிக் கிடந்தது. தெருக்குழாயில் யாரோ என்னைப் பார்த்து, சாப்பிட்டீர்களா அக்கா என்று கேட்டார்கள்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அதுவரை மோட்டார் நிற்கவே இல்லை.