சுமைதாங்கியில் வீசிய துண்டு

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறேன். எனக்குக் கல் என்றால் கல்தான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சீவலப்பேரிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கே ஒரு பழைய நடைபாதை உண்டு. ஆற்றுப் படித்துறையில் தொடங்கி, கல்மண்டபம் தாண்டி, மருதமரங்களுக்கு ஊடே வாய்க்கால் கரையேறிப் பெரிய ரோட்டில் போய்ச் சேரும். எந்த வெள்ளத்திலும் முங்காது. அந்தக் காலத்திலேயே இப்படி மேடு பார்த்துப் பாதை போட்டவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பாதி வழியில் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே தோள் உயரத்தில் ஒரு பலகைக்கல். தலைச்சுமையை அடுத்த ஆள் துணையில்லாமல் இறக்கலாம், ஏற்றலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே செத்துப்போன ஒரு பெண்ணுக்காக வைத்தது. அவள் இறக்க முடியாத சுமையை வழிப்போக்கராவது இறக்கட்டும் என்று நினைத்தார்களே, எவ்வளவு பெரிய மனசு!

போன வருஷம் மழை கொட்டிய முதல் ராத்திரியே ஊர் ரோடு அறுந்துவிட்டது. மறுநாள் மத்தியானம், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கை செல்விக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டோடு நின்றுகொண்டது. மாப்பிள்ளை துபாயில், அம்மாவுக்கோ முழங்கால் நடக்க விடாது. நான்தான் கைத்தாங்கலாக அந்தப் பாதையில் கூட்டிப் போனேன். ஒன்றரை மைல், இரண்டு உயிர், நான் ஒருத்தன்.

சுமைதாங்கியைக் கண்டதும் செல்வி நின்றுவிட்டாள்.

"சுமையோட வாறவ இங்க இறக்காமத் தாண்டிப் போகக் கூடாதுண்ணே."

"ஏட்டி, சாஸ்திரம் பாக்க நேரமா இது? பைய நட."

அவள் கேட்கவில்லை. கல்லில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அதைப் பலகைக்கல் மேல் வீசினேன். கொஞ்ச நேரம்தான்.

"வலி நின்னுட்டுண்ணே. யாரோ வாங்கிக்கிட்ட மாதிரி இருக்கு."

நம்பினால் நம்புங்கள், மிச்ச வழி முழுக்க அவள் முன்னால் நடந்தாள், நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வலி திரும்ப வந்தது. சாயங்காலம் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம்.

ஒரு வாரம் கழித்து, கல்மேல் மறந்துவிட்டு வந்த துண்டை எடுக்கப் போனேன். சுமைதாங்கி மேல் பெரிய மருதமரம் சாய்ந்து கிடந்தது. பக்கத்து வயல்கார அண்ணாச்சி ஆள் வைத்து மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப விழுந்துச்சு அண்ணாச்சி?"

"மழ பெஞ்ச முத நா ராத்திரியே விழுந்துட்டு வே. விடிஞ்சதும் நானே இது மேல ஏறித்தான் தாண்டிப் போனேன்."

"மறுநா மத்தியானம் நாங்க இந்தக் கல்லுல சாஞ்சு நின்னோமே!"

அவர் என் நெற்றியில் கைவைத்துப் பார்க்காத குறை. அவருக்குத்தான் நாள் குழம்பியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மரத்தை அகற்றி, அது தள்ளிக் கீழே விழுந்து கிடந்த பலகைக்கல்லைப் புரட்டினார்கள். அடியில் என் துண்டு. நான் வீசிய மாதிரி இல்லை. தலைச்சுமை தூக்குகிற பெண்கள் சுற்றுவதுபோல வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, கச்சிதமான சும்மாடாக இருந்தது. கனத்த சுமையை வைத்து நடந்ததுபோல நடுவில் அழுந்தியிருந்தது.

கல் அழுத்தியிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சும்மாடு சுற்றத் தெரியாது, செல்விக்கும் தெரியாது. அது இப்போது எங்கள் பீரோவில் இருக்கிறது. அதைப் பிரிக்க இன்னும் எனக்குக் கை வரவில்லை.